நானூற்றோராவது சீட்டு

ஜனவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ரூடி பலாஷ் வீட்டுத் தொலைபேசியை யாரும் தொடக்கூடாது. இது அவர் மனைவி ஐரீன் போட்ட சட்டமில்லை, பேஸ்பால் புகழ் மண்டபம் போட்ட சட்டம். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கெட்டித் தாளில் ஒரு கடிதம் வரும். "தாங்கள் தேர்வாகியிருந்தால் மேற்படி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைப்பு வரும். தேர்வாகாவிட்டால் வராது. வராததையே தகவலாகக் கொள்ளவும்."

ஒன்பது ஆண்டுகளாக ரூடி வராததையே தகவலாகக் கொண்டுவந்தார்.

பென்சில்வேனியாவில் பிளாக் ரன் என்ற நிலக்கரி ஊரில் அவர் ஆணி, பெயின்ட், பனி தள்ளும் மண்வாரி விற்கும் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் பதினேழு ஆண்டுகள் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எறிகிறவன் எறிகிற பந்தையெல்லாம் பிடிப்பது வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை குந்தி எழுந்ததில் முழங்கால் இரண்டும் போயின. வலது கை விரல்கள் நான்கும் நான்கு திசை பார்த்தன. அடுத்து என்ன பந்து எறிய வேண்டும் என்று தொடை இடுக்கில் விரல் காட்டிச் சொல்வதும் அவர்தான். எறிகிறவன் அடி வாங்கி, முகம் வெளிறி நின்றால், ரூடி உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரையை நோக்கி இரண்டு முறை அமுக்குவார். 'போனது போச்சு, அடுத்த பந்தைப் போடு' என்று அர்த்தம். அந்தக் கையை நம்பி எறிந்த மூன்று பேர் புகழ் மண்டபத்தில் வெண்கலப் பலகைகளாகத் தொங்குகிறார்கள். பிடித்தவரைத்தான் இன்னும் காணோம்.

ரூடிக்கு அங்கே போக ஆசை. கேட்டால் "அதெல்லாம் என்ன இருக்கு" என்பார். ஆனால் ஆசை வெட்கமில்லாமல் இருந்தது. எறிந்தவன் மட்டுமல்ல, பிடித்தவனும் ஆடினான் என்று எங்காவது ஓர் இடத்தில், கழுவினாலும் போகாத மாதிரி எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மண்டபத்தின் முறை எளிமையானது. பத்து ஆண்டுகள் பேஸ்பால் பற்றி எழுதிய பத்திரிகைக்காரனுக்கு வாக்கு உண்டு, சாகும் வரை உண்டு. பதினோராம் ஆண்டிலிருந்து அவன் ஆட்டத்தையே பார்க்க வேண்டியதில்லை. வாக்காளர்களில் ஒருவர் இருபது ஆண்டுகளாக ரோஜாச் செடி வளர்ப்பு பற்றி மட்டும் எழுதிவந்தார். வந்த சீட்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்தில் பெயர் இருந்தால் உள்ளே. பத்து ஆண்டுகளுக்குள் அது நடக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பிறகு எப்போதாவது ஒரு முதியோர் குழு கூடும், அவர்களில் யாருக்காவது நினைவிருந்தால் பேசுவார்கள்.

முதல் ஆண்டு ஒரு பெரிய பத்திரிகைக்காரர் எழுதினார்: "நான் பார்த்ததிலேயே சிறந்த கேட்சர் பலாஷ். சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே உள்ளே விடுவது நம் மரபல்ல. ஆகவே வாக்களிக்கவில்லை." இரண்டாம் ஆண்டு அவரே எழுதினார்: "சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு பலாஷ் புதிதாக என்ன சாதித்துவிட்டார்? ஆட்டத்தைவிட்டு ஓய்ந்தபின் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடித்ததாகத் தெரியவில்லை."

நான்காம் ஆண்டு ஒழுக்க விதி வந்தது. ஆட்டக்காரரின் நேர்மையையும் போட்டி உணர்வையும் வாக்காளர் கருத வேண்டும் என்று விதி. ஒருமுறை இறுதி ஆட்டத்தில் நடுவர், "பந்து தரையில பட்டுச்சா?" என்று கேட்க, ரூடி "பட்டுச்சு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மட்டைக்காரன் தப்பினான், அணி தோற்றது. அந்த ஒரு வார்த்தைக்காக, போட்டி உணர்வு போதாது என்று பதினெட்டுப் பேர் அவரை விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு, பொய் சொல்லி ஆட்டம் வென்ற வேறொருவரை நேர்மை போதாது என்று விட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த ரூடி, நடுவர் கேட்டபோது தும்மியிருக்கலாமோ என்று யோசித்தார்.

ஏழாம் ஆண்டு பொறுக்கமாட்டாமல் காரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போனார். வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கச் சொன்னார்கள், வாங்கினார். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கையுறை இருந்தது. அவருடையதுதான். கட்டை விரல் பக்கம் ஐரீன் போட்ட நீலநூல் தையல்கூட அப்படியே இருந்தது. கீழே, ஒரு மட்டைக்காரனைக்கூட ஓடவிடாத ஒரு புகழ்பெற்ற ஆட்டத்தில் எறிந்தவரின் பெயரைப் போட்டு, "அவரது பந்து வந்து சேர்ந்த கையுறை" என்று எழுதியிருந்தது. கையுறைக்குள் அன்று ஒரு கை இருந்த சங்கதி எழுதப்படவில்லை.

செயலர் மிஸஸ் பிஞ்ச் அன்பான பெண்மணி. காப்பி கொடுத்து, வாக்கு எண்ணும் முறையை விளக்கினார்.

"நாலு வகைச் சீட்டு இருக்குங்க. பேர் எழுதி வர்றது, செல்லும். கிறுக்கி வர்றது, செல்லாது. தபால்லயே வராதது, கணக்குலயே இல்ல. யார் பேரும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டு வர்றது, செல்லும்."

"ஒண்ணுமே எழுதலைன்னா எப்படிங்க செல்லும்?"

"யாருக்குமே தகுதியில்லங்கறதும் ஒரு கருத்துதானே. அதையும் மொத்தச் சீட்டுல சேத்துக்குவோம்."

"அப்ப அது எனக்கு எதிரா விழுந்த ஓட்டு."

"உங்களுக்கு மட்டும் இல்லீங்க, எல்லாருக்கும் எதிரா. நாங்க பாரபட்சம் பாக்கறதில்ல," என்று மிஸஸ் பிஞ்ச் ஆறுதல் சொன்னார். "சீட்டோட பின்பக்கத்துல எல்லாம் தெளிவா போட்டிருக்கோம்."

தலைவர் பிரெஸ்காட் வெதரால் தம் அறைக்கு அழைத்து நாற்காலியைக் காட்டினார். அவர் வாழ்நாளில் பந்தைத் தொட்டவரில்லை. அவருடைய தாத்தா மண்டபத்துக்கு நிலம் கொடுத்தவர்.

"மிஸ்டர் பலாஷ், மனசு விட்டுச் சொல்றேன். உள்ள இருக்கறவங்களை ஜனங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடறாங்க. வெளிய நிக்கறவங்களைப் பத்தித்தான் வருஷம் பூரா பேசறாங்க. உங்களை ஏன் எடுக்கலைன்னு எத்தனை ரேடியோவுல சண்டை தெரியுமா? நாப்பது பேர் உள்ள வந்து கிடைக்காத விளம்பரம், நீங்க ஒருத்தர் வெளிய நிக்கறதுல கிடைக்குது. கதவுக்கு மதிப்பே சாத்தி இருக்கறதுதானே. இந்த மண்டபத்துக்கு நீங்க செய்யற சேவையை நாங்க மறக்கவே மாட்டோம்."

"மறக்காம இருக்கறதுக்குத்தானே சார் மண்டபத்தையே கட்டியிருக்கீங்க?" என்றார் ரூடி.

வெதரால் வாய்விட்டுச் சிரித்தார். "அருமையா இருக்கே," என்று சொல்லி, மேசை மேலிருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

ரூடி இதையெல்லாம் திரும்பி வந்து கிளெம் ஹேகர்ட்டியிடம் சொல்லிச் சிரித்தார். வெற்றுச் சீட்டு விவகாரத்தை மட்டும் சொல்லவில்லை. ஓட்டுப் போடுகிறவனுக்கு ஓட்டு விதி தெரியாமலா இருக்கும்?

கிளெம் பக்கத்து நகரத்துப் பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் விளையாட்டுப் பக்கம் எழுதி ஓய்ந்தவர். எழுபதை நெருங்கியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை, ஒரு பூனை மட்டும் உண்டு. ஞாயிறு மதியம் ஐரீன் கையால் முட்டைக்கோசு இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டி வேகவைத்ததைச் சாப்பிடாவிட்டால் அவருக்கு அந்த வாரம் விடியாது. ரூடியின் விரல் சைகைகளை ஆட்ட அரங்கின் மாடியிலிருந்தே படிக்கத் தெரிந்த ஒரே பத்திரிகைக்காரர். ஆண்டு தவறாமல் தம் சீட்டில் முதல் பெயராக ரூடி பலாஷ் என்று எழுதி, அடியில் கோடும் போட்டு அனுப்புவார். "கோடு போட்டா ரெண்டா எண்ணுவாங்களா?" என்று ஐரீன் கேலி செய்வார்.

ஒன்பதாம் ஆண்டு நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது. பத்தாவதுதான் கடைசி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கே தொலைக்காட்சி வண்டி வாசலில் வந்து நின்றது. ரூடியின் ஆனந்தக் கண்ணீரைப் படம்பிடிக்க ஆண்டுதோறும் அதே மூன்று பேர்தான் வருவார்கள். கண்ணீர் கிடைக்காது, ஆனால் ஐரீன் செய்த வால்நட் ரொட்டிச் சுருள் கிடைக்கும். இப்போதெல்லாம் அதற்காகவே வருகிறார்கள் என்று ஐரீனுக்குச் சந்தேகம்.

இரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது. விளக்கெல்லாம் எரிந்தன. ஐரீன் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ரூடி கோணல் விரல்களால் எடுத்துக் காதில் வைத்தார்.

"ரூடியா? பனிக்கு ரோட்டுல போடற உப்பு ஸ்டாக் இருக்கா?" என்றார் எதிர்த் தெருக்காரர்.

"இருக்கு," என்றார் ரூடி.

அன்று மாலைச் செய்தியில் அதைத்தான் காட்டினார்கள். மூன்று மணிக்கு விளக்கை அணைத்து, மீதிச் சுருளைக் காகிதத்தில் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். "அடுத்த வருஷம் பாப்போம்," என்றான் ஒளிப்பதிவாளன் பழக்கத்தில். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது என்பது பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்திருக்கும்.

வானொலியில், ரூடி பலாஷுக்கு நூற்றுக்கு எழுபத்து நாலு சொச்சம் என்றார்கள். கடைசி ஆண்டு என்றதும் பல பேருக்கு இரக்கம் வந்து வாக்கு எகிறியிருந்தது. எத்தனை சீட்டு, எத்தனை வாக்கு என்பதை மண்டபம் வெளியே சொல்வதில்லை. ஆனால் மிக அருகில் வந்து தவறியவருக்கு மட்டும் செயலர் தொலைபேசியில் அனுதாபம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நான்கு மணிக்கு மிஸஸ் பிஞ்ச் கூப்பிட்டார். அவர் குரல் உடைந்திருந்தது.

"சொல்லக்கூடாது, ஆனா சொல்றேங்க. நானூத்தி ஒரு சீட்டு வந்துது. முந்நூறுல உங்க பேர் இருக்கு. ஒண்ணு வெத்துச் சீட்டு."

கடைக்காரருக்கு மனக்கணக்கு வர எவ்வளவு நேரமாகும்? நானூற்றுக்கு முந்நூறு என்றால் சரியாக எழுபத்தைந்து. அந்த வெற்றுச் சீட்டை அனுப்பியவன் அதைக் குப்பையில் போட்டிருந்தாலும் ரூடி உள்ளே. அதில் ரூடியின் பெயரை எழுதியிருந்தாலும் உள்ளே. உலகத்தில் ரூடியை வெளியே நிறுத்த இருந்தது ஒரே ஒரு வழி. அந்த வழியை எவனோ தேடிப் பிடித்துப் போயிருக்கிறான்.

ரூடி வாழ்க்கையில் யாரையும் சபித்ததில்லை. ஐரீன் அவருக்கும் சேர்த்துச் சபித்தார். "வெறும் தாளை அனுப்பினானே, அவன் கை அழுகிப் போக. அவனுக்குக் கடைசிக் காலத்துல ஒரு வாய்ச் சோறு ஊட்ட ஆள் இல்லாம போக."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கிளெமின் கார் வந்து நின்றது. பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தவர் ரூடியைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு மிடுக்கும் இருந்தது.

"ரூடி, உனக்காக இந்த வருஷம் ஒரு காரியம் பண்ணேன்டா. இவ்வளவு நாளா சொல்லாம அடக்கி வெச்சிருந்தேன்."

"என்னப்பா பண்ணே?"

"ஒத்தப் பேர்கூட எழுதல. கையெழுத்தை மட்டும் போட்டு, வெறும் சீட்டா அனுப்பிட்டேன். கூடவே மூணு பக்கம் கடுதாசி. 'ரூடி பலாஷை உள்ள விடற வரைக்கும் இந்தக் கை வேற எவன் பேரையும் எழுதாது, உங்க சீட்டை நீங்களே வெச்சுக்குங்க'ன்னு கிழிச்சிருக்கேன். படிச்சா வெதராலுக்கு ராத்திரி தூக்கம் வராது."

அடுப்படி வாசலில் நின்றிருந்த ஐரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரூடி திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைக் கவிழ்த்தார். ஐரீன் உள்ளே போய்விட்டார்.

"என் பேரையும் எழுதலையா?" என்று கேட்டார் ரூடி.

"போன வருஷம் அறுபத்தொண்ணு. எங்க வரப்போகுதுன்னு நினைச்சேன். தோக்கறதுதான் தோக்கறோம், அவனுங்களுக்கு உறைக்கற மாதிரி தோப்போமேன்னுதான். இப்படி எகிறும்னு யார் கண்டா? எப்படியும் நாலஞ்சு ஓட்டாவது குறைஞ்சிருக்கும், என் ஒண்ணு எந்த மூலைக்கு? சரி, நீ என்ன சொல்றே? சரியாத்தானே பண்ணேன்?"

முப்பது ஆண்டுகள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் எழுதிய மனிதர், ஒரு சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ரூடிக்கு அவரைச் சுவரோடு வைத்து அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தபின் அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார் என்று அடுத்து தோன்றியது.

"தபால்ல போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"பதிவுத் தபால்ல," என்றார் கிளெம் பெருமையாக.

"நல்லாப் பண்ணே. உக்காரு, காப்பி போடச் சொல்றேன்."

காப்பியை ரூடியேதான் போட வேண்டியிருந்தது. ஐரீன் அடுப்படியில் பாத்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிளெமுக்குப் பரிமாறினார், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. "சொல்லித் தொலைச்சா என்ன?" என்று தினமும் கேட்பார். "சொன்னா ஒரு ஓட்டு கூடிடுமா?" என்பார் ரூடி. அவருக்கும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஏழாம் ஆண்டே அந்த வெற்றுச் சீட்டு விதியைக் கிளெமிடம் சொல்லியிருந்தால்?

ஏப்ரலில் மண்டபத்திலிருந்து கெட்டித் தாள் கடிதம் வந்தது. இந்த முறை கிளெமுக்கு. எழுத்தாளருக்கான உயர்ந்த விருதை அந்த ஆண்டு அவருக்குக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. மண்டபத்தின் கிழக்குச் சுவரில் பெயர் பொறிப்பார்கள்.

கிளெம் அதைக் கசக்கி எறிந்தார். "உனக்கு இடமில்லாத எடத்துல எனக்கு என்னடா வேலை? போகமாட்டேன்."

ரூடி கடிதத்தைப் பொறுக்கி, நீவிக் கொடுத்தார். "யோவ், போய் வாங்கு. உன் கடுதாசியைப் படிச்சுட்டு ரோசம் வந்துதான் குடுக்கறாங்களோ என்னமோ. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனாவது உள்ள இருக்கட்டும். நான் முன்வரிசையில வந்து உக்காருறேன்."

இப்படி வற்புறுத்தி அனுப்பியவர் ரூடிதான். அதை அவர் பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டார்.

ஜூலை வெயிலில் புல்வெளியில் மேடை போட்டிருந்தார்கள். ஐயாயிரம் பேர். ரூடியும் ஐரீனும் முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் வெண்கலமான பெரியவர்கள் வரிசையாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் மூன்று பேர் ரூடியைப் பார்த்துக் கையசைத்தார்கள். கிளெம் வாடகைக் கோட்டில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வெதரால் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"நான் அடிக்கடி சொல்றதுண்டு, மறக்காம இருக்கறதுக்குத்தானே மண்டபத்தையே கட்டியிருக்கோம்னு." கூட்டம் கை தட்டியது. "ஆனா யாரை மறக்கணும்னும் ஒருத்தர் முடிவு பண்ணணுமே. அந்தப் பாரத்தைச் சுமக்கறவங்கதான் நம்ம வாக்காளர்கள். இந்த வருஷம் ஒரு பெரிய ஆபத்து வந்துது. கடைசி வருஷம், பாவம், நல்ல மனுஷன்னு சொல்லிச்சொல்லி, இரக்கப்பட்டே முந்நூறு பேர் ஒரே பேரை எழுதிட்டாங்க. அவர் இங்கதான் உக்காந்திருக்கார், பேர் சொன்னா சங்கடப்படுவார். வந்தது நானூறு சீட்டா இருந்திருந்தா, இரக்கம் ஜெயிச்சு, இன்னைக்கு நம்ம கதவு தொறந்திருக்கும். ஆனா வந்தது நானூத்தி ஒண்ணு. ஒரே ஒரு மனுஷர், யாருக்கும் தகுதி இல்லைன்னு, ஒரு பேர்கூட எழுதாம அனுப்பினார். நாலாயிரம் வார்த்தை எழுதறதைவிடப் பெரிய எழுத்து அது. அந்த ஒரு வெத்துச் சீட்டுதான் நம்ம தரத்தைக் காப்பாத்துச்சு. அதோட ஏதோ மூணு பக்கம் இணைச்சிருந்ததாச் சொன்னாங்க. இணைப்பைப் படிக்கறது நம்ம விதியில இல்ல, படிக்கல. படிக்க வேண்டிய அவசியமும் இல்ல, அந்த வெறும் தாளே எல்லாத்தையும் சொல்லிடுச்சு. மிஸ்டர் கிளெம் ஹேகர்ட்டி, வாங்க."

ஐயாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். கிளெம் எழவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஒலிபெருக்கி முன் நிறுத்தினார்கள். கையில் விருதுப் பலகையைக் கொடுத்தார்கள். அவர் கோட்டுப் பையிலிருந்து எழுதி வைத்திருந்த உரையை எடுத்தார், பார்த்தார், மறுபடி பையில் வைத்தார். கூட்டம் உட்கார்ந்து அமைதியானது. முன்வரிசையை நோக்கி அவர் கேட்டது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது.

"ரூடி, உனக்குத் தெரியுமா?"

ஐரீன் ரூடியின் முழங்கையைப் பிடித்திருந்தார். அழுதுகொண்டே, "ஏதாவது பண்ணு, விழுந்துடப் போறான்," என்றார். ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்காராத அதே ஐரீன்தான்.

ரூடி முழங்காலைத் திட்டிக்கொண்டே நாற்காலியின் நுனிக்கு வந்தார். கோணல் விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையை நோக்கி இரண்டு முறை அமுக்கினார். அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர்தான். அவர் படித்தார். அடுத்த பந்து என்று ஒன்று கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேடையிலேயே சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மறுபடி எழுந்த கை தட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

மண்டபத்தின் ஆண்டு மலரில் இந்த நிகழ்ச்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். விருது பெற்ற எழுத்தாளர் நன்றிப் பெருக்கில் பேச்சற்று நின்றதாகவும், விழாவுக்கு வந்திருந்த முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ச்சியோடு கையசைத்ததாகவும் அதில் எழுதியிருந்தது.